ஆட்டம் முடிந்ததற்கான சான்றிதழ்

வெளிநாட்டுக் கேளிக்கைச் சாதன ஒப்புதல் இயக்ககம் என்று ஒன்று தி. நகரில் இருந்தது ஊரில் பலருக்குத் தெரியாது. பனகல் பூங்காவுக்குப் பின்புறச் சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மை, பீப்பி, சாவி கொடுத்தால் ஆடும் குரங்கு ஆகியவற்றால் நாட்டுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்று அங்கே பதினான்கு பேர் காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்து வரை கவலைப்பட்டார்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம் கவலையை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

1996 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை மயிலாப்பூர் அனந்தராமன் அந்தப் படிகளை முதல் தடவையாக ஏறினார். பள்ளிக்கூட நூலகராக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் படிவத்திலும் காலியிடத்தைக் கோடு போட்டு அடைப்பார். எந்த வரிசையிலும் முண்டியடிக்க மாட்டார். அரசாங்கம் ஒன்றைக் கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும் என்று மனதார நம்பியவர். அந்த நம்பிக்கைதான் அவரைக் கெடுத்தது.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பார்சல். அதற்குள் இருந்தது வீடியோ கேம் மெஷின். பேரனுக்காக இருக்கும் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட நினைத்தார். பேரன் கிடையாது. மெஷின், அவருடைய மனைவி சுப்புலக்ஷ்மிக்கு.

சுப்புலக்ஷ்மி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். மகன் நிரஞ்சன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய வீடியோ கேம் மெஷினை வீட்டிலேயே விட்டுப் போனான். தூசி தட்டப் போனவள் ஒருநாள், அதில் செருகியபடியே இருந்த ஆட்டக் கேசட்டோடு அதைப் போட்டுப் பார்த்தாள். மேலிருந்து கட்டைகள் விழும். அவற்றைத் திருப்பித் திருப்பிச் சந்து இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். ஆட்டம் அவ்வளவுதான். இடது கட்டைவிரல் கட்டையை நகர்த்தும், வலது கட்டைவிரல் திருப்பும். நான்கு வருஷம், தினமும் சமையல் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஆடினாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டாள்.

ஜூன் மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. போட்ட இடத்தில் கிடந்தது.

பயிற்சி கொடுக்க ராயப்பேட்டையிலிருந்து சகினா என்ற பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாள், பயறு பொறுக்கச் சொன்னாள். விரல்கள் மசியவில்லை. ஒரு மத்தியானம் பொழுது போகட்டும் என்று அனந்தராமன் பழைய மெஷினைப் போட்டு, பொத்தான் வைத்த அதன் கைப்பிடியை மனைவியின் மடியில் வைத்தார். முதல் கட்டை விழுந்தது. கோணலாக வந்த அந்தக் கட்டையைப் பார்த்ததும், சுப்புலக்ஷ்மியின் வலது கட்டைவிரல் தானாக ஒரு துளி அசைந்தது.

"மாமா, நல்லா கேட்டுக்குங்க," என்றாள் சகினா. "தலை மறந்ததை விரல் மறக்கல. தினம் இதையே ஆடச் சொல்லுங்க. இன்னும் மூணு நாலு மாசம்தான் டைம். அதுக்குள்ள விரலை வேலை வாங்கிடணும். விட்டா உள்பக்கமா மடங்கி இறுகிடும். அப்புறம் நான் இல்ல, யாரு வந்தாலும் திறக்க முடியாது."

ஒன்பது நாள் ஆடினாள். பத்தாவது நாள் பழைய மெஷின் உயிரை விட்டது. ரிச்சி தெரு ரிப்பேர் கடையில் பார்த்தவன், "இதுக்கு ஸ்பேர் கிடைக்காது சார், நம்மூர் மெஷின்ல இந்தக் கேசட் மாட்டாது, வாய் வேற" என்று கையை விரித்துவிட்டான். விஷயத்தைக் கேட்ட நிரஞ்சன் போனில் சொன்னான்: "அப்பா, இப்ப வந்திருக்கற புது மெஷின் ஒண்ணு அனுப்பறேன். அதோட கேமெல்லாம் அம்மாவுக்குச் சரிப்படாது, ஒரே வேகம். கூடவே ஒரு அடாப்டர் வைக்கறேன். அதை மாட்டினா பழைய கேசட்டையே அதுல போட்டு ஆடலாம்."

பார்சல் ஒரே வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டது. தி. நகரிலிருந்து மயிலாப்பூருக்கு வருவதுதான் பாக்கி.

இயக்ககத்தின் கண்காணிப்பாளர் பெயர் பஞ்சாட்சரம். நெற்றியில் மூன்று கோடு விபூதி, மேசையில் மூன்று நிறத்தில் மை. பார்சலைப் பிரிக்காமலே நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது புதுசா, பழசா?"

"மெஷின் புதுசு சார். அதுல போடப் போற ஆட்டம் பழசு."

பஞ்சாட்சரம் பேனாவை மூடி வைத்தார்.

"படிச்சவராத் தெரியறீங்க. புதுசுன்னா படிவம் அ. பழசுன்னா படிவம் ஆ. புதுசுக்குள்ள பழசு ஓடறதுக்குப் படிவம் கிடையாது. படிவம் இல்லாத ஒண்ணு உலகத்துல இருக்குன்னு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது? சரி, புது மெஷின் வாங்கினவன் புது ஆட்டம்தானே ஆடணும்? பழசையே ஆடறதுக்குப் புதுசு எதுக்கு? ஏதோ விஷயம் இருக்கு."

அனந்தராமன் விஷயத்தைச் சொன்னார். பக்கவாதம், கட்டைவிரல், மூன்று மாதம், எல்லாம். பஞ்சாட்சரம் கண்ணை மூடிக்கொண்டு அனுதாபத்தோடு கேட்டார்.

"என் அம்மா மாதிரி நினைச்சுச் சொல்றேன். இந்த ஃபைலை நான் அவசரமா முடிச்சா, அது அந்த அம்மாவுக்குச் செய்யற அவமரியாதை. முறையா ஒரு குழு போடுவோம்."

குழு போட இரண்டு வாரம் ஆயிற்று. 'பழைய ஆட்டம் - புதிய சாதனம் பொருத்தப்பாட்டு ஆய்வுக் குழு' என்று பெயர். பஞ்சாட்சரம் தலைவர், மேல்மாடி அதிகாரிகள் இரண்டு பேர் உறுப்பினர். முதல் கூட்டத்திலேயே பழைய கேசட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அனந்தராமன் வீட்டில் வந்து சொன்னபோது, சுப்புலக்ஷ்மி அந்தக் கேசட்டை இடது கையால் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன்னா, என்ன சொன்னா?" என்று குழறலாகக் கேட்டாள்.

"சீக்கிரம் ஆயிடும்னு சொன்னா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னா."

"லைன்ல இருங்கோ, லைன்ல இருங்கோன்னு நான் எத்தனை பேரைக் காக்க வெச்சிருப்பேன். அந்தப் பாவம்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார்.

சோதனை செப்டம்பர் நடுவில் தொடங்கியது. குழு முன்னிலையில் டி.வி. வைத்து, அடாப்டரை மாட்டி, கேசட்டைச் செருகினார்கள். திரை சாம்பல் நிறத்தில் கண்ணடித்தது. 'இயங்கவில்லை' என்று பஞ்சாட்சரம் சிவப்பு மையில் எழுத ஆரம்பித்தபோது, பார்வையாளர் பெஞ்சிலிருந்து அனந்தராமன் எழுந்தார்.

"சார், எடுத்து ஒரு தடவை ஊதணும். ஊதிட்டுப் போட்டா வரும். ஆத்துல அப்படித்தான் பண்ணிண்டிருந்தோம்."

சிவப்பு மை எழுத்து பாதியில் நின்றது.

"ஊதறதா?" என்றார் பஞ்சாட்சரம். "வாயாலயா? அரசாங்கப் பொறுப்புல இருக்கற பொருள் மேல எச்சில் படலாமா? விளக்கப் புத்தகத்துல ஊதச் சொல்லி எங்கேயாவது போட்டிருக்கா? அப்படியே ஊதறதா இருந்தாலும், எந்த நிலை அலுவலர் ஊதறது?"

இதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் வர பதினோரு நாள் பிடித்தது. கடைநிலை ஊழியரைக் கொண்டு ஊதலாம், ஊதுவதற்கு முன் அவர் வாய் கொப்பளிக்க வேண்டும், ஊதிய விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று வந்தது. ஆபீசில் டீ வாங்கி வரும் ஐம்பது வயதுக் கனகராஜ் தற்காலிக ஊதுநராக நியமிக்கப்பட்டார். அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து ஒரே ஊது ஊதினார். கட்டைகள் விழுந்தன. குழு கைதட்டியது.

அனந்தராமனும் கைதட்டினார். அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள் என்று துணிப்பை கொண்டு வந்திருந்தார்.

"அதெப்படி?" என்றார் பஞ்சாட்சரம். "தொடங்கறது மட்டும் பொருத்தம் ஆயிடுமா? பழைய ஆட்டம் புது மெஷின்ல முழுசா, ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஓடணும். ஆட்டம் முடிஞ்சதும் முடிஞ்சதுன்னு ஒரு சான்றிதழ் தருவோம். அதோட எடுத்துட்டுப் போகலாம்."

"சார், இந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. கட்டை வந்துண்டே இருக்கும். நாம தோத்தாத்தான் முடியும்."

"தோத்தா அது தோல்வி. தோல்வியை நான் எப்படி வெற்றிகரமா முடிஞ்சதுன்னு எழுதறது?"

இதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் அனந்தராமனுக்குப் பட்டது. பன்னிரண்டு பி பஸ்ஸில் லஸ் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தார். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இயக்ககத்தில் வேறு வேலை நடக்கவில்லை. குழு காலை பத்தரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் எழுந்தது. பஞ்சாட்சரம் முதலில் ஐந்து வரிசை அடுக்கினார், பிறகு ஐம்பது அடுக்கினார். ஒவ்வொரு தடவை கட்டை உச்சியைத் தொட்டு ஆட்டம் நின்றபோதும் 'சோதனை நிறைவு பெறவில்லை' என்று நீல மையில் எழுதிவிட்டு, மறுபடி தொடங்கினார். தரையெல்லாம் பிரிக்காத பார்சல்கள். அவற்றின் மேல் உட்கார்ந்து மேல்மாடிக்காரர்கள் யோசனை சொன்னார்கள்.

"இன்னா சார், டெய்லி வந்துக்கினே கீறீங்க," என்றார் கனகராஜ் ஒருநாள், டீயை நீட்டியபடி. "பெரியவருக்குக் கை ஊறிப் போச்சு சார். ஊட்ல சாப்பாட்டுத் தட்டைக்கூட திருப்பித் திருப்பி வெக்கிறாராம். அவுரு வுட மாட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, வேற எங்கனா கேட்டுப் பாருங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ," என்றார் அனந்தராமன்.

வீட்டில் சகினா அளவெடுத்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் சுப்புலக்ஷ்மியின் வலது விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ரப்பர் பந்து போயிற்று. அக்டோபர் தொடக்கத்தில் பென்சில்தான் போயிற்று. சகினா விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுவாள். நீவும் வரை நிமிர்ந்திருக்கும், விட்டதும் சுருண்டுகொள்ளும்.

"அந்த மெஷின் எங்க மாமா?" என்று கேட்டாள்.

"டெஸ்ட் பண்ணிண்டிருக்கா."

"அவங்க விரலுக்கு என்ன மாமா கேடு?"

அனந்தராமன் பென்சிலை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்ததால், ஆபீசில் வெள்ளிக்கிழமையே கொண்டாடிவிட்டார்கள். டைப்ரைட்டர், பஞ்சிங் மெஷின், சீல், காபி பிளாஸ்க் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டார்கள். ஒரு மாதமாக உழைத்த சாதனத்தை மட்டும் விட முடியுமா? பஞ்சாட்சரம் தன் கையாலேயே புது மெஷினுக்கு இட்டார். மற்றவற்றுக்கு ஒரு பொட்டு. இதற்குப் பக்தி அதிகமாகி, கேசட் செருகும் வாயின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பொரி கடலை கொடுத்தார்கள். அன்றைக்கும் போயிருந்த அனந்தராமனுக்கும் ஒரு பொட்டலம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மெஷின் எழுந்திருக்கவில்லை. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. கனகராஜ் ஊதினார். சிவப்புத் தூள் கிளம்பி அவர் கண்ணிலேயே விழுந்தது. பதிவேட்டில் 'ஊதியும் பயனில்லை' என்று ஏறியது. மெஷினை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு அனுப்பி, அங்கே சின்ன பிரஷ்ஷால் வாய்க்குள் இருந்த ஒவ்வொரு உலோகப் பல்லாகச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் தீபாவளியும் வந்து போனது. திரும்பி வந்ததும் சோதனை முதலிலிருந்து தொடங்கியது.

நவம்பர் மூன்றாவது வாரம் அனந்தராமன், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு அதிகாரியின் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"சார், தீக்குச்சிதான் போறது. நேத்திக்கு சகினா பார்த்தா. தீக்குச்சி. நாளைக்கு அதுவும் போகாது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், சான்றிதழ் வேண்டாம், மெஷின் வேண்டாம், பத்து நாள் கடனாக் கொடுங்கோ."

பஞ்சாட்சரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டைவிரல் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யோசிச்சுப் பாருங்க சார். அந்த அம்மாவுக்கு விரல் அசைஞ்சா, மெஷின் தேவையில்லை. விரல் அசையலைன்னா, மெஷின் கொடுத்து பிரயோஜனம் இல்லை. ரெண்டுல எதுவா இருந்தாலும் அவசரம்னு ஒண்ணு இல்லையே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அனந்தராமன் தள்ளி நின்றார். அப்படி நின்றதை அவர் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

டிசம்பர் ஐந்தாம் தேதி அது நடந்தது. பஞ்சாட்சரத்தின் மதிப்பெண் ஏறி ஏறி, ஆறு இடத்திலும் ஒன்பது வந்து நின்றது. அதற்கு மேல் எண்ணிக்கை நகரவில்லை. கட்டைகள் என்னவோ விழுந்துகொண்டுதான் இருந்தன. எண்ண மெஷினுக்கு இடமில்லை. ஆனால் குழு அதை முடிவு என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பஞ்சாட்சரம் எழுந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சான்றிதழைச் சும்மா கொடுத்து அனுப்பிவிடக் கூடாது, விழா எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பார்சல் சுப்புலக்ஷ்மி பெயரில் இருந்ததால், அவள் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். மார்கழி பிறந்த மூன்றாம் நாள் அனந்தராமன் அவளை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனார். இரண்டு மாடி. கனகராஜும் ஆட்டோக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். அது இப்போது ஒரு மூடின கை. தீக்குச்சி போவது நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது.

மைக் இருந்தது. குழு உறுப்பினர்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். பஞ்சாட்சரம் பேசினார்.

"இந்த ஆட்டம் முடியாதுன்னு சொன்னவங்க இந்த அறையிலேயே இருக்காங்க. பேர் சொல்ல விரும்பலை. நாங்க முடிச்சோம். எழுபத்தொரு வேலை நாள். ஒரு நாள் லீவு போடலை. இந்த எழுபத்தொரு நாள்ல வேற ஒரு ஃபைலைத் தொட்டோம்னு யாரும் எங்க மேல குற்றம் சொல்ல முடியாது. எதுக்காக? ஒரு ஏழைத் தாயோட விரலுக்காக. அந்த அம்மா எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டா போதும்."

பதிவேட்டை நீட்டினார்கள். கையெழுத்து முடியாது என்றார் அனந்தராமன். அப்படியானால் கைரேகை என்றார்கள். சுப்புலக்ஷ்மி இடது கையை நீட்டினாள்.

"ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது," என்றார் பஞ்சாட்சரம் மைக்கிலேயே. "விதி."

"வலது திறக்காது சார். அதுக்காகத்தானே..." என்று ஆரம்பித்தார் அனந்தராமன்.

"கனகராஜ், அம்மாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு."

கனகராஜ் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "வாணாம் சார். கல்லு கணக்கா கீது. அம்மாவுக்கு உயிர் போயிடும். நான் மாட்டேன்."

பஞ்சாட்சரமே வந்தார். இரண்டு மாதப் பயிற்சியில் அவருடைய வலது கட்டைவிரல் நன்றாகத் தேறியிருந்தது. அதை அவளுடைய மடங்கிய விரல்களுக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொன்றாக நெம்பினார். ஏதோ முறியும் சத்தம் கேட்டது. உள்ளே அகப்பட்டிருந்த அவள் கட்டைவிரலை வெளியே இழுத்து, ஊதா மைப் பெட்டியில் அழுத்தி, பதிவேட்டில் பதித்தார். சுப்புலக்ஷ்மி கத்தவில்லை. கணவர் முகத்தையே பார்த்தாள். அனந்தராமன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. ரேகை சரியாக விழாவிட்டால் இன்னொரு தடவை வைக்கச் சொல்வார்களே என்றுதான் அந்த நேரத்தில் பயந்தார்.

"பாருங்க," என்றார் பஞ்சாட்சரம் மைக்கில், குரல் தழுதழுக்க. "திறக்காதுன்னாங்க. திறந்துடுச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். விரல்கள் கைதட்டு முடிவதற்குள் மறுபடி மூடிக்கொண்டன.

மறுநாள் காலை சகினா வந்தபோது மெஷின் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் 'பழைய ஆட்டம் புதிய சாதனத்தில் முழுமையாக முடிந்தது' என்ற சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு. அவள் சுப்புலக்ஷ்மியின் வீங்கிய கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு மாமா இதைத் திறந்தது?"

"ஆபீஸ்ல."

சகினா பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பி வந்து மாமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அனந்தராமன் கேசட்டை எடுத்து ஊதினார். கொஞ்சம் குங்குமம் பறந்தது. செருகினார். பட்டறையில் நன்றாகத்தான் செய்திருந்தார்கள், உடனே வந்தது. கைப்பிடியை மனைவியின் மடியில் வைத்தார். இடது கட்டைவிரல் கட்டையை நகர்த்தியது. திருப்ப வேண்டிய விரல் மூடின கைக்குள் இருந்தது. கட்டைகள் வந்த கோலத்திலேயே விழுந்து, ஒன்றின் மேல் ஒன்று கோணலாக ஏறின. இரண்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.

"போறும்ன்னா," என்றாள் சுப்புலக்ஷ்மி. "அணைச்சுடுங்கோ."

அவர் அணைத்தார். பிறகு ஒரு துணியை வெந்நீரில் நனைத்து வந்து அவள் வலது கையைத் துடைத்தார். விரல்களின் வெளிப்புறம் இருந்த ஊதா மை போயிற்று. கட்டைவிரலோடு உள்ளே போன மை உள்ளங்கையில் இருந்தது. அதைத் துடைக்கக் கையைத் திறக்க வேண்டும்.